மாதையன் நுழைகிற அளவு

நெடுங்கரட்டுக் கோட்டைக்குப் போகலாம் என்று இந்தத் தடவை வாய்திறந்து கேட்டவள் மாதங்கி. சம்பந்தத்துக்கு அதிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து கோட்டை என்றால் அவர் இழுப்பார், அவள் முனகிக்கொண்டே பின்னால் வருவாள். அதுதான் அந்த வீட்டு வழக்கம். அவர் இழுத்துப்போவதும் ஊரறிந்த கோட்டைக்கு இல்லை. நுழைவுச்சீட்டும் கரும்புச்சாறு வண்டியும் இருந்தால் அதை அவர் கோட்டையாகவே மதிப்பதில்லை. ஆடு மேய வேண்டும், சப்பாத்திக்கள்ளி மண்டியிருக்க வேண்டும், வழி கேட்டால் எதிரே வருகிறவர் "அங்க என்ன இருக்குதுன்னு போறீங்க" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அப்போதுதான் அந்த ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் முகத்தில் சிரிப்பு வரும்.

"நீயா கூப்புடுற. டிக்கியில என்னவோ கேன் வேற ஏத்தியிருக்க," என்றார், தார் ரோடு முடிந்து கார் மண்தடத்தில் குலுங்கத் தொடங்கியபோது. "ஒன்னு, நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேன்னு டாக்டர் உங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கணும். இல்லன்னா ஆபீஸ் வேலை."

"உங்களுக்கு ஒன்னும் ஆகாது. ஆபீஸ் வேலைதான்."

மாதங்கி நுண்ணுயிர் ஆராய்ச்சிக்காரி. அந்தக் காலத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து சாந்து அரைப்பார்கள். அந்த வெல்லத்தைத் தின்று சுண்ணாம்பைக் கக்குகிற ஓர் உயிரை அவள் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் வளர்க்க ஆரம்பித்தாள். விரிசல் விட்ட பழைய மதிலில் வெல்லப்பாகோடு சேர்த்துத் தெளித்தால், அது தின்னும், வளரும், விரிசலை அடைக்கும். வெல்லம் தீர்ந்ததும் தூங்கிப்போகும். உயிர்ச்சாந்து என்று பெயர் வைத்தாள். அவர்களுக்குப் பிள்ளையில்லை, அதைப் பேசி அழுது முடித்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் ஆய்வகத்திலிருந்து வீடு திரும்பி, "இன்னைக்கு என் புள்ளைங்க நல்லா சாப்புட்டுச்சுங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் சம்பந்தம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

நெடுங்கரட்டு மதிலெங்கும் அந்தச் சாந்தைத் தெளித்து மூன்று வருடம் ஆகிறது. மற்ற இடங்களில் விரிசல் அடைந்து அது தூங்கிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் தூங்கவில்லை. மதிலில் யானைப்பிளவு என்று ஒரு பெரிய உடைப்பு உண்டு. அந்த உடைப்பே மெல்ல மூடிக்கொண்டு வந்தது.

"மூடினா நல்லதுதானே. மதில்னா மூடித்தான இருக்கணும்."

"உள்ள முப்பது வீடு இருக்குங்க. கிழக்கு வாசல் அணைத் தண்ணிக்குள்ள போயி அம்பது அறுபது வருசம் ஆச்சு. வெளிய வர்றதுக்கு அந்த ஒடைப்பு ஒன்னுதான் வழி. இல்லன்னா கரடு ஏறி அந்தாண்ட எறங்கணும்."

"அப்ப கேன்?"

"நிறுத்துநீர். ஒரு எடத்துல ஊத்தினா போதும், மதில் முழுக்கத் தகவல் போயிரும். எல்லாமே செத்து, அடைச்ச சுண்ணாம்போட உதிர்ந்துரும். ஊத்திட்டு வான்னு மேலேருந்து சொல்லிட்டாங்க."

"எல்லாமேன்னா?"

"மேக்குக் கொத்தளம் இருக்குல்ல, அது இப்ப இதுங்க புடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. ரெண்டு மழை தாங்காது."

சம்பந்தம் ஒரு பள்ளத்தைச் சுற்றி வண்டியை ஒடித்து ஓட்டினார். எழுநூறு வருடத்துக் கொத்தளம். அவருக்கு அது போவது வருத்தம், மனைவி ஆசையாக வளர்த்தது போவது அதைவிட வருத்தம். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "பசிக்குது," என்றார்.

கோட்டை எதிரில் எழுந்தது. அகழி தூர்ந்து கோரை முளைத்திருந்தது. அதற்கப்பால், கரடு என்கிற அந்தப் பாறைக்குன்றை வளைத்துக்கொண்டு ஓடிய கருங்கல் மதில், அங்கங்கே சரிந்தும் அங்கங்கே நிமிர்ந்தும் நின்றது. உள்ளே ஒரு காலத்தில் கடைத்தெருவும் குதிரை லாயமும் நெற்களஞ்சியமும் இருந்த ஊர். இப்போது அடித்தளக் கற்களின் வரிசைகளுக்கு நடுவே கேழ்வரகு விளைந்திருந்தது. மேற்கே கொத்தளம் வெயிலில் திடமாக நின்றது. அதன் விரிசல்கள் வெள்ளைக் கோடுகளாக அடைந்திருந்ததை மாதங்கி தூரத்திலிருந்தே பார்த்தாள். பெருமையாக இருந்தது. டிக்கியில் இருப்பதை நினைத்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

உடைப்புக்கு வெளியே ஒரு புளியமரம். அதன் நிழலில் மஞ்சள் ஆட்டோ ஒன்று, புளியம்பூவும் சருகும் மூடிக் கிடந்தது. அவர்கள் காரைவிட்டு இறங்கியதும் மதிலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, அந்த ஆட்டோ டயர்ல காத்து இருக்குதுங்களா? கொஞ்சம் அமுக்கிப் பாத்துச் சொல்றீங்களா?"

பிளவின் அந்தப்பக்கம் ஒரு கல்லின்மேல் பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர் என்றால் உடம்பில். பிளவு இப்போது ஒருவர் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு ஒடுங்கியிருந்தது. அந்த இடுக்கில் அவருடைய முகமும் வயிற்றில் பாதியும் மட்டும் தெரிந்தன.

சம்பந்தம் டயரை அமுக்கிப் பார்த்தார். "முன்சக்கரம் போயிருச்சுங்க."

"அது போவும்னு தெரியுமுங்க. பின்னது ரெண்டும் நிக்குதில்ல, அது போதும்." அவர் பெயர் மாதையன். போன மாதம்வரை அந்த ஆட்டோவை ஓட்டியவர். "கடைசியா வந்தன்னிக்குத் தேங்கா எண்ணெய் தடவித்தானுங்க உள்ள வந்தேன். நாலு பேரு இழுத்தாங்க. மறுக்கா வெளிய போவ முடியலீங்க, கரடு ஏற இந்த ஒடம்புக்கு ஆவாது. சவாரியெல்லாம் போச்சு. வாங்க, நீங்க வரலாம். சார் மட்டும் மூச்சை வெளிய விட்டுட்டு வாங்க."

மாதங்கி உடனே நுழையவில்லை. தன் பிள்ளைகளை இவ்வளவு செழிப்பாக அவள் எந்த ஆய்வகத்திலும் பார்த்ததில்லை. இருபக்கமும் தந்த நிறத்தில் புற்றுப்போல வளர்ந்து, உதிர்ந்து கிடந்த பழைய கற்களையெல்லாம் தானே பொறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்பியிருந்தது அது. தொட்டாள்; சில்லென்று இருந்தது. எறும்புகள் சாரைசாரையாகப் போயின. வெல்ல வாசனை அடித்தது. நடுவில் மட்டும், தரையிலிருந்து தோள் உயரம்வரை, ஒரு பட்டை கறுத்து அரித்துப்போயிருந்தது. அந்தப் பட்டைதான் மிச்சமிருந்த வழி. அதன் ஓரத்திலும் புதிதாக வெள்ளை படர ஆரம்பித்திருந்தது.

"இங்க யாராவது வெல்லம் கொட்டுறீங்களா?"

"கொட்டுறதா? ஆத்தா குடிக்கிறாங்கம்மா," என்றார் மாதையன்.

சம்பந்தம் மூச்சை விட்டுவிட்டு, சட்டைப் பொத்தான் ஒன்று தெறிக்க, உள்ளே வந்து சேர்ந்தார். வீட்டுக்கு நடக்கும் வழியில் மாதையன் எல்லாவற்றையும் சொன்னார். முன்னொரு காலத்தில் எதிரிப் படையின் யானைகள் மதிலை முட்டி உடைத்தபோது ஊர்ச்சனம் அந்த உடைப்பில் வரிசையாக நின்று உயிரைவிட்டதாம். அவர்களெல்லாம் சேர்ந்துதான் பிளவாத்தா. எந்த வகையறாவின் முப்பாட்டன் எங்கே நின்றானோ அங்கே அந்த வீட்டார் ஆடிமாதம் ஒருமுறை பானகம் ஊற்றுவார்கள். நடுமத்தியில், யானை வந்த இடத்தில், நின்றது மாதையன் வீட்டு முப்பாட்டன்.

"மூனு வருசம் முன்னால மருந்து தெளிக்கிற வண்டி வந்துட்டுப் போச்சுங்க. அந்த ஆடிக்கு ஊத்துனோம். மறுமாசம் பாத்தா, ஊத்துன எடம் வளந்திருக்குது. எத்தன தலைமுறையா ஊத்துறோம், இப்பத்தான் ஆத்தா வாய் தொறந்து குடிக்கிறான்னு ஊரே அழுதுருச்சு. அப்புறம் வெள்ளிக்கெழம தவறாம ஊத்துறோமுங்க. பொறந்த நாளுக்கு ஊத்துறோம், பரிச்சைக்குப் போறப்ப ஊத்துறோம்."

மாதங்கி சம்பந்தத்தைப் பார்த்தாள். பசித்தால் தூங்கிவிடும் என்றுதான் அவள் அதைப் படைத்திருந்தாள். பசியே எடுக்காத இடம் ஒன்று இருக்கும் என்பது அவள் கணக்கில் வரவில்லை. ஊர் பாசத்தோடு ஊட்டி ஊட்டித் தன்னைத்தானே உள்ளே வைத்து அடைத்துக்கொண்டிருந்தது.

"வழி அடைஞ்சிட்டா என்னங்க பண்ணுவீங்க?"

"அதாங்க தெரியல. குடிச்சுப் பழகுன ஆத்தாளைப் பட்டினி போட முடியுமா, சொல்லுங்க." மாதையன் குரல் இறங்கியது. "எல்லாரு கையிலயும் குடிக்கிறாங்க. எம்பொண்டாட்டி கையில மட்டும் வாங்க மாட்டீங்கறாங்க. அவ ஊத்துனா சீறுறாங்க."

"சீறுறதுன்னா?"

"உஸ்ஸுன்னு. நொரை தள்ளிக்கிட்டு. காதால கேட்டனுங்க."

வீடு கோட்டைக் கற்களாலேயே கட்டிய இரண்டு அறை வீடு. மாதையனின் மனைவி காளீஸ்வரி விருதுநகர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகியும் பேச்சில் அந்த ஊர் போகவில்லை. "வாங்கம்மா, வாங்க சார்" என்று பாய் விரித்துவிட்டு உள்ளே போனவள் திரும்ப வருவதற்குள் மாதையன் மீதியையும் சொல்லி முடித்தார்.

சீறுகிற சேதி பரவியதும் ஊரில் அதுவே ஒரு சோதனையாகிவிட்டது. புதிதாக வருகிற மருமகள் ஊற்றி மதில் வளர்ந்தால் அவள் குணவதி. போன தையில் இவர்கள் மகள் கனிஷ்காவைப் பெண்பார்க்க வந்தார்கள். வந்த நாள் வெள்ளிக்கிழமை. மாதையனின் அக்கா பாவாயி, தம்பியைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள், நல்ல மனசோடுதான் சொன்னாள்: மாப்பிள்ளை வீட்டார் பார்க்க நீயே ஊத்து காளீசு, இன்னைக்கு ஆத்தா மனசு வெப்பா. ஆத்தா சீறினாள். மாப்பிள்ளை வீட்டார் காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள். அன்றோடு காளீஸ்வரி அந்தப் பக்கம் போவதை விட்டாள். அந்த வீட்டுக்காகப் பாவாயிதான் அதே நடு இடத்தில் ஊற்றுகிறாள். ஆறு மாதமாக அங்கேயும் வளர்கிறது.

"புள்ளை ஓசூர்ல வேலை பாக்குறா. எனக்கு அந்த மாப்பிள்ளையே வேண்டாம்ப்பான்னு சிரிச்சா. இவதான் ராவெல்லாம் தூங்கறதில்ல. எங்கையால எம்மக வாழ்க்கை போச்சுன்னு கையக் கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா."

மாதங்கி, சாந்து சரியாகப் பிடிக்குமா, மழையில் கரையுமா, எறும்பு அரிக்குமா என்று எத்தனையோ சோதித்திருந்தாள். அது ஒரு பெண்ணின் கையைப் பார்த்துச் சீறும், ஊர் அதை நம்பும் என்று யார் சோதித்தார்கள்?

காளீஸ்வரி தட்டில் மூன்று டம்ளரோடு வந்தாள். "வெயில்ல வந்திருக்கீக. பானகம் குடிங்க."

"நீதான் ஊத்தறதில்லையே, அப்புறமும் வெச்சியா?" என்றார் மாதையன்.

"ஊத்தத்தான் கூடாதுன்னாக. வெக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே. வெள்ளிக்கிழமை அதுவும், அடுப்புக்கிட்ட கை சும்மா இருக்க மாட்டேங்கு."

சம்பந்தம் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார், மறுபடி நிரப்பிக்கொண்டார். மாதங்கி ஒரு வாய் குடித்தாள். இனிப்பு, சுக்கு, ஏலக்காய். அதற்குப் பின்னால் பல்லைக் கூச வைத்துக்கொண்டு இன்னொன்று வந்தது. அவள் டம்ளரைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"புளி போட்டிருக்கீங்களா?"

"புளி இல்லாம பானகம் ஏதும்மா? எங்க ஊர்ல கோயில் கொடைக்கு வெக்கிறதே அப்படித்தான்."

"இந்த ஊர்ல?"

"வெறும் வெல்லத் தண்ணிதானுங்க," என்றார் மாதையன். "எனக்கு இவ வெக்கிறதுதான் புடிக்கும். பழகிப்போச்சு."

"ஆத்தாவுக்கு ஊத்துனீங்களே, அது?"

"இதுதான். நல்லா கெட்டியா, சாமிக்குன்னு புளிய இன்னுங் கொஞ்சம் கூடவே போட்டுத்தான் கரைப்பேன்," என்றாள் காளீஸ்வரி.

"ஊர்ல யாரும் குடிச்சுப் பாத்ததில்லையா?"

"ஆத்தாவுக்கு வெச்சதை ஆரும் வாயில வெக்கமாட்டோமுங்க. ஒரு சொட்டு விடாம மதிலுக்குத்தான்."

மாதங்கி சம்பந்தத்தைக் கைபிடித்து வெளியே அழைத்துப்போனாள். கேழ்வரகுக் கொல்லையின் ஓரத்தில், ஏதோ ஓர் அரண்மனைப் படியின்மேல், இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஏங்க, கேன்ல இருக்கறது பாதி இதுதான். புளியில இருக்கற அதே அமிலம். சுண்ணாம்புல பட்டா நொரைக்கும், சீறும். என் புள்ளைங்களுக்கு அது ஆகவே ஆகாது."

"அடிப்பாவி. இத்தனை வருசமா லேப்ல ரசம் வெச்சிருக்க, எனக்கு ஒரு கரண்டி ஊத்தலையே."

"சிரிக்காதீங்க. கேன்ல இன்னொரு சாமானும் இருக்கு. மத்ததுக்கெல்லாம் செத்துப்போன்னு தகவல் சொல்றது. முழுசா நிறுத்த வழி காட்டுனாத்தான் அனுமதின்னாங்க, அதைச் சேத்தேன். கொஞ்சமா நிறுத்தறதுக்கு என்ன வழின்னு யாருமே கேக்கல, நானும் யோசிக்கல. வெறும் புளி, விழுந்த எடத்துல மட்டும்தான் அரிக்கும்."

"அப்ப கொத்தளம்?"

"நிக்கும். நடுவுல வழி இன்னும் மிச்சமிருக்கறதே அந்தம்மா ஊத்துனதாலதான். அவங்க நிறுத்துனப்புறம்தான் அதுவும் ஒடுங்கியிருக்கு."

சம்பந்தம் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அப்ப வாராவாரம் அவங்க ஊத்தணும். வாராவாரம் ஊர் முன்னாடி அது அவங்களைப் பாத்துச் சீறணும். அதைப் போய்க் கேக்கப் போறியா?"

"இல்லன்னா கேனைத் தூக்கிட்டு வரணும்," என்றாள் மாதங்கி. அவள் கண் கொத்தளத்தின் மேலேயே இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் பிளவில் ஊர் கூடியது. செம்பும் குடமுமாகப் பெண்கள், பின்னால் ஆண்கள். முன்னால் நின்றவள் பாவாயி. நீளக் கையும் கணீரென்ற குரலுமாக, வரிசையைக் கலையவிடாமல் நிறுத்தி வைத்திருந்தாள். மாதையன் மனைவியைக் கிட்டத்தட்டக் கெஞ்சித்தான் அழைத்து வந்திருந்தார். காளீஸ்வரி தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அந்த முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கலாம்.

மாதங்கி சுற்றிவளைக்கவில்லை. தான் யார், அந்த வண்டி தெளித்தது என்ன, அது எதைத் தின்று எப்படி வளர்கிறது என்று எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டம் பொறுமையாகக் கேட்டது. பாவாயி முடிவில் தலையாட்டினாள்.

"நீங்க தெளிச்சீங்க, சரி. வண்டி வந்தப்ப நானும்தானே நின்னு பாத்தேன். வெதை போட்டது நீங்க, மொளைக்க வெச்சது ஆத்தா. அது பூச்சியோ புழுவோ இருந்துட்டுப் போவட்டும். எங்க எல்லாரு கையிலயும் குடிக்குதில்ல? இவ கையில ஏன் சீறுது? அதச் சொல்லுங்க."

"நீங்க ஊத்திப் பாருங்கம்மா. அவங்க குடத்தை உங்க கையால."

பாவாயிக்குப் பயமில்லை. ஆத்தா தன் கையில் குடிக்காமல் இருந்ததே இல்லை. காளீஸ்வரியிடமிருந்து குடத்தை வாங்கினாள், நடு இடத்தில் புதிதாகப் படர்ந்திருந்த வெள்ளையின்மேல் வழக்கம்போல நிதானமாக ஊற்றினாள்.

மதில் சீறியது. உஸ்ஸென்று நுரை பொங்கி, வெள்ளை கரைந்து, கல்லின் கறுப்பு தெரிய வழிந்தது. பின்னால் நின்றவர்கள் இரண்டடி நகர்ந்தார்கள். பாவாயி நகரவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காளீஸ்வரி ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரியே பார்த்தாள்.

"இப்ப உங்க குடத்தை அவங்க ஊத்தட்டும்," என்றாள் மாதங்கி.

காளீஸ்வரி மாட்டேன் என்று தலையாட்டினாள். மாதையன் குனிந்து என்னவோ சொன்னார். அவள் அந்தக் குடத்தை வாங்கியபோது அதிலிருந்த பானகம் தளும்பியது. கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினாள். சத்தமில்லை. வெல்லத் தண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்து இறங்கியது, எறும்புகள் சுற்றிக்கொண்டு போயின. அவள் கண்ணைத் திறக்கவே நேரமாயிற்று. திறந்ததும் முகத்தைச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டாள்.

பாவாயி பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள். "என்னத்தடி போட்ட அதுல?"

"புளி மதினி."

"இத்தன வருசமுமா?"

"எங்கம்மா வீட்டுல அப்படித்தான் மதினி. நீங்க கேக்கவே இல்லியே."

பாவாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "கேட்டிருக்கோணும்," என்றாள். "புள்ளைக்கு வந்த எடத்த நானே கெடுத்துப்போட்டேன். கேட்டிருக்கோணும் நான்."

மாதங்கி மிச்சத்தையும் சொல்லியாக வேண்டியிருந்தது. இப்படியே இனிப்பு மட்டும் ஊற்றினால் ஐப்பசிக்குள் வழி அடைந்துவிடும். புளித்தண்ணீர் ஊற்றினால் அந்த இடம் மட்டும் திறந்திருக்கும். விட்டுவிட்டால் மறுபடி மூடும். வாராவாரம் யாராவது ஊற்ற வேண்டும். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. எல்லாரும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள், எல்லாருக்கும் வழி வேண்டும், ஆனால் குடத்தை எடுக்க ஒரு கை நீளவில்லை. புளி என்று தெரிந்தால் என்ன? ஆத்தா முகத்துக்கு நேரே சீறுவாளே. பாவாயிகூடத் தன் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். டிக்கியிலிருக்கும் கேன் மாதங்கிக்கு நினைவு வந்தது.

காளீஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் குடத்தைக் கையில் எடுத்தாள்.

"எனக்குச் சீறிச் சீறிப் பழகிருச்சு," என்றாள். "நானே ஊத்துறேன்."

அவள் புருஷனைப் பார்த்துக் கையசைத்தாள். "ஏங்க, இங்க வாங்க. இப்படி நடுவுல நில்லுங்க. மூச்சை இழுக்காதீக, சும்மா எப்பவும் போல நில்லுங்க."

மாதையன் போய் இடுக்கில் ஒட்டி நின்றார். அவர் தோள் எங்கே முட்டுகிறது, வயிறு எங்கே இடிக்கிறது என்று அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கரித்துண்டு எடுத்துச் சுற்றிலும் கோடு இழுத்தாள். அவர் கூச்சத்தில் நெளிந்தார். சிறுசுகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்களும் சிரித்தார்கள். அவரை விலக்கிவிட்டு, அந்தக் கரிக்கோட்டின் ஓரமாக, பாத்திரம் கழுவுகிறவளின் பதற்றமில்லாத கையோடு அவள் ஊற்றினாள். மதில் சீறியது. அவள் தள்ளி நிற்கவில்லை.

திரும்பும் வழியில் மேலதிகாரி போன் செய்தார். ஊத்தியாச்சா என்று கேட்டார். "ஊத்தியாச்சு சார்," என்றாள் மாதங்கி. யார் ஊற்றியது, எதை ஊற்றியது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சம்பந்தம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் வைகாசியில் கனிஷ்காவுக்குக் கல்யாணம். அவளே ஓசூரில் பார்த்த பையன். பத்திரிகை வந்த அன்றே சம்பந்தம் கிளம்பத் தயாராகிவிட்டார். இந்தத் தடவை இருவருமே முனகவில்லை. புளியமரத்தடியில் ஆட்டோ துடைத்து மாலை போட்டு நின்றது. மேற்குக் கொத்தளம் ஒரு கல்கூடச் சரியாமல் இருந்தது. பிளவு இருபுறமும் உச்சிவரை மூடி, நடுவில் மட்டும் வானம் தெரிந்தது. அந்த வானத்துக்குத் தலை இருந்தது, சாய்ந்த தோள் இருந்தது, நடுவில் பெரிதாக ஒரு வயிறும் இருந்தது.

"இருநூறு வருசம் கழிச்சு என்னை மாதிரி ஒரு சரித்திர வாத்தியார் வருவான்," என்றார் சம்பந்தம். "இது எந்த ராசா கட்டுன வாசல், எந்த நாட்டுப் பாணின்னு மண்டையை ஒடைச்சுக்குவான், பாவம்."

உள்ளே பாவாயி, அந்த வருடம் ஊருக்கு வந்த புது மருமகள் ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். மருமகள்களை ஊற்றவிட்டுச் சோதிப்பதை அவளே நிறுத்திவிட்டாள். யார் வந்தாலும் இப்போது முதலில் ஒரு கேள்விதான் கேட்கிறாள்: "உங்க ஊர்ல பானகம் எப்படிக் கண்ணு வெப்பீங்க?"

மாப்பிள்ளை வீட்டாரை எதிர்கொண்டு அழைக்க, பட்டுவேட்டியோடு மாதையன் வாசலுக்கு வந்தார். கல்யாணக் களை ஒரு சுற்று கூடியிருந்தது. பாதி வந்தவர் வயிற்றில் சிக்கி நின்றார். வெளியே நாதஸ்வரம் வந்துகொண்டிருந்தது.

"ஆத்தாளைக் குத்தம் சொல்லாதீக. ஒரு மாசமா பலகாரம் யாரு தின்னது?" காளீஸ்வரி பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குடத்தோடு வந்தாள். அவரைப் பின்னால் தள்ளினாள், இடித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள், ஊற்றினாள்.

மதில் சீறியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.